காலை 8.30 முதல் மாலை 7 வரை: வீட்டில் தனித்திருக்கும் சிறிய நாயின் கழிப்புத் தேவைகளைக் கவனிக்கும் முறை

அம்பத்தூரிலோ பெரம்பூரிலோ வீடும், சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ அலுவலகமும் அமைந்துவிட்டவர், காலை 8.30 மணிக்குக் கதவைப் பூட்டினால் மாலை 7 மணிக்கு முன் திரும்புவது அரிது. அந்தப் பத்தரை மணி நேரமும் மூன்றாம் மாடி வீட்டில் ஒரு பொமரேனியனோ ஷிட்ஸுவோ பக்கோ தனியாக இருக்கிறது. மாலை வரை சிறுநீரை அடக்கிக்கொள்ள நாயை எப்படிப் பழக்குவது என்றுதான் இத்தகைய வீடுகளில் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடக்கும் ஆற்றலுக்கு உடல் வகுத்த எல்லை ஒன்று உண்டு; எந்தப் பழக்கமும் அதை அதற்கு மேல் நீட்டாது. வீட்டுக்குள்ளேயே நாய்க்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கே போகப் பழக்கலாம். நடுப்பகலில் ஒருவர் வந்து கவனித்துப் போக ஏற்பாடு செய்யலாம். முதல் ஏற்பாடு எல்லா வீட்டிலும் இயலும். இரண்டாவதை வளர்ந்த நாய்க்கு முடிந்தவரை செய்ய வேண்டும். குட்டிக்கு அது கட்டாயம்.

உடல் எவ்வளவு தாங்கும்

குட்டிகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு எளியது. வயது எத்தனை மாதமோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால், அது தாங்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம் கிடைக்கும். 3 மாதக் குட்டிக்கு 4 மணி நேரம். சிறிய இனங்களில் அதை 3 என்றே வைத்துக்கொள்வது நல்லது. வளர்ந்த, நலமான நாய் 6 மணி நேரம் பெரிய சிரமமின்றி இருக்கும். 8 மணி நேரம் என்பது என்றாவது ஒருநாள் நேரலாம். அதையே அன்றாட ஏற்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது. பகலில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது ஸ்வீடன் நாட்டு வேளாண் வாரியத்தின் அறிவுரை. இரவில் 8 மணி நேரம் பேசாமல் உறங்கும் நாய்க்குப் பகலில் மட்டும் ஏன் முடியவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. உறக்கத்தில் சிறுநீர் குறைவாகவே சுரக்கிறது. பகலில் நாய் தண்ணீர் குடிக்கிறது, நடமாடுகிறது, படிக்கட்டில் ஆள் அரவம் கேட்டால் எழுந்து ஓடிக் குரைக்கிறது. அதனால் சிறுநீர்ப்பை விரைவில் நிறைந்துவிடுகிறது.

நலமான நாய், உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிலிட்டர் வரை ஒரு நாளில் சிறுநீர் கழிக்கும். 4 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கு இது 80 முதல் 160 மில்லிலிட்டர். அளவு குறைவுதான் என்றாலும் அதைத் தாங்கும் பையும் அவ்வளவு சிறியது. தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகுவது எளிது. சிறுநீர்த் தாரை குட்டையாக அமைந்த பெண் நாய்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். ஷிட்ஸு, லாசா ஆப்சோ, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற இனங்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும் இயல்பு ஏற்கெனவே இருக்கிறது. அடர்ந்த சிறுநீர் நெடுநேரம் தங்குவது அதற்குத் துணைபோகிறது. ஆகவே, தண்ணீர் வைக்காமல் போனால் வீடு நனையாது என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். சென்னை வெயிலில் அது ஆபத்தும் ஆகும். கிண்ணத்தில் நாள் முழுவதும் தண்ணீர் இருக்க வேண்டும். குடித்த தண்ணீரை விட ஓர் இடமும் இருக்க வேண்டும்.

இடமும் தட்டும்

நாய் உண்ணும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் அருகில் கழிப்பிடத்தை வைத்தால் அது அங்கே போகாது. தான் படுக்கும் இடத்தை அழுக்காக்க விரும்பாதது நாயின் இயல்பு. நம் முயற்சி முழுவதும் இந்த இயல்பைத்தான் நம்பியிருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் துணி துவைக்கும் இயந்திரம் வைக்கும் சர்வீஸ் பால்கனி நல்ல இடம். தரையில் நீர்ப்போக்கி இருப்பதால் கழுவிவிடலாம். ஆனால் கம்பிகளுக்கு இடையே குட்டியின் தலை நுழையுமானால் வலை அடித்த பிறகே அங்கே விட வேண்டும். சித்திரை, வைகாசி வெயில் நேரே விழும் பால்கனியாக இருந்தால் நண்பகலில் தரை கொதிக்கும். நாய் அந்தப் பக்கமே போகாமல் கூடத்திலேயே போய்விடும், குறை அதனுடையது ஆகாது. அத்தகைய வீட்டில் குளியலறையே மேல். கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி தடுப்பு வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எந்த இடமானாலும் ஒருமுறை முடிவு செய்த பின் மாற்றாதீர்கள்.

கழிப்பிடமாக அங்கே வைக்கும் தட்டில் எதை விரிப்பது என்பதற்குச் சற்று அதிகமாகவே யோசிக்க வேண்டும். நாயின் பழக்கம், இடத்தைவிடவும் காலுக்கடியில் அது உணரும் பரப்போடு பிணைந்தது. ஏறத்தாழ 8 வார வயதிலிருந்து எந்தப் பரப்பின் மேல் கழித்துப் பழகுகிறதோ அதையே பிற்பாடும் தேடும். விற்பவரின் கூண்டில் செய்தித்தாள் மேல் வளர்ந்த குட்டி, நீங்கள் தரையில் வைத்துவிட்டுப் போன இன்றைய நாளிதழின் மேல் போவதற்குக் காரணம் இதுதான். செய்தித்தாள் மலிவு என்பது உண்மை. ஆனால் ஈரத்தை நன்றாக உறிஞ்சாது, வாடை தங்கும், வெள்ளைப் பாதங்களில் மை ஒட்டும். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கடைகளில் கிடைக்கும் உறிஞ்சு விரிப்பு, அதாவது 'பெட் பேட்', பகல் முழுதும் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கடித்துக் கிழிக்கும் குட்டியாக இருந்தால், உள்ளே இருக்கும் ஜெல்லையும் பஞ்சையும் விழுங்கிவிடும் அபாயம் உண்டு. மேலே கம்பிவலைச் சட்டம் பொருந்திய தட்டை வாங்கி அதனுள் விரிப்பை வைக்க வேண்டும். கால்மிதி, குளியலறைப் பாய் ஆகியவற்றை அந்தச் சுற்றுவட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விரிப்பின் மென்மையும் அவற்றின் மென்மையும் நாயின் பாதத்துக்கு ஒன்றே.

வெயில் ஓரளவு படும் பால்கனி இருப்பவர்களுக்கு அறுகம்புல் தட்டைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். சுமார் 60 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டின் அடியில் துளைகள் இட்டு, வடியும் நீரைத் தாங்க மற்றொரு தட்டின் மேல் வையுங்கள். அடியில் சிறு கூழாங்கல், அதன் மேல் தென்னை நார்க்கழிவும் மணலும் செம்மண்ணும் கலந்த கலவை, அதில் கணு கணுவாகக் கிள்ளிய அறுகம்புல் தண்டுகள். நாள்தோறும் நீர் தெளித்தால் சில வாரங்களில் படர்ந்துவிடும். சிறுநீரில் உள்ள உப்பும் நைட்ரஜனும் புல்லைக் கருக்குவதால், ஒரு தட்டோடு நிறுத்தாமல் இரண்டு தட்டுகள் வளர்த்து மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மாலையில் ஒரு குடுவைத் தண்ணீரைப் புல்லின் மேல் ஊற்றிவிட்டால் உப்பு கரைந்து வடிந்துவிடும், வாடையும் மட்டுப்படும். வயிறு சரியில்லாத நாய்கள் அறுகம்புல்லைக் கடித்துத் தின்னும் என்பதால் பூச்சிமருந்து அறவே கூடாது. மாலையில் பூங்காவில் மிதிக்கும் பரப்பும் வீட்டில் மிதிக்கும் பரப்பும் ஒன்றாக இருப்பதால், உள்ளே ஒரு பழக்கம் வெளியே ஒரு பழக்கம் என்ற குழப்பம் நாய்க்கு வராது. இந்தத் தட்டின் பெரிய நன்மையாக நான் கருதுவது இதையே. செயற்கைப் புல்லிலும் இந்த வசதி ஓரளவு உண்டு. ஆனால் அதை நாள்தோறும் கழுவிக் காய வைக்காவிட்டால் வாடை வீட்டையே நிறைத்துவிடும்.

தட்டின் அளவு நாயின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், ஏனெனில் அது சுற்றிச் சுற்றி வந்த பிறகே அமரும். தட்டுக்கு வெளியே ஓரத்தில் போய்விடுகிறது என்று வரும் புகார்களில் பல, சிறிய தட்டால் வருபவை. காலைத் தூக்கும் ஆண் நாய்க்குத் தட்டின் நடுவில் மணல் நிரப்பிய ஒரு பாட்டிலை நிறுத்தி அதைச் சுற்றி விரிப்பைக் கட்டிவிட்டால் சுவர் நனையாது. முதுகெலும்புத் தொல்லைக்கு ஆளாகக்கூடிய டாஷ்ஹண்ட், கால் குட்டையான பக் ஆகியவற்றுக்கு விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். தாண்டிக் குதித்து ஏற நேரக் கூடாது.

பழக்கும் நாட்கள்

பொங்கல் விடுமுறையைப் போலத் தொடர்ந்து சில நாட்கள் வீட்டில் இருக்க முடிகிற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தட்டு ஒரு முனையிலும், படுக்கையும் தண்ணீரும் மறுமுனையிலும் இருக்கும்படி ஒரு சிறிய பகுதியைத் தடுப்பு வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். மடக்குக் கம்பித் தடுப்பு இதற்குப் போதும். வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிட்டால், கட்டிலுக்கு அடியிலும் சோபாவுக்குப் பின்னாலும் நாய் தனக்கென்று இடங்களைத் தேர்ந்துகொள்ளும். பிறகு அதை மாற்றுவது கடினம்.

உறங்கி எழுந்தவுடன், உண்டு முடித்து 10 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாடி முடித்தவுடன் என மூன்று வேளைகளிலும் தட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. உணவு வேளை நிலையாக இருந்தால் மலம் கழிக்கும் வேளையும் நிலைபெறும். தட்டின் மேல் நின்றதும், 'ஒன்னுக்குப் போ' என்பதுபோல ஒரே சொல்லை அமைதியாகச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், நடுப்பகலில் வரப்போகிறவரும், அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும். கழித்து முடித்த ஓரிரு நொடிக்குள், அங்கேயே, ஒரு சிறிய துண்டு வேகவைத்த கோழியோ கேரட்டோ கொடுங்கள். சமையலறைக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தால், எதற்காகக் கொடுத்தோம் என்பது நாய்க்குப் புரியாது. ஆகவே பரிசுப் பண்டம் தட்டுக்கு மேலே அலமாரியில் தயாராக இருக்க வேண்டும். திராட்சை, சாக்லேட், வெங்காயம் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. அவை நாய்க்கு நஞ்சு.

செய்தித்தாளில் பழகிய குட்டியாக இருந்தால், புல்தட்டின் மேலேயே செய்தித்தாளை விரித்து, நாளுக்கு நாள் அதைச் சிறிதாகக் கிழித்துக்கொண்டே வாருங்கள். நாயைக் கூப்பிடாமலேயே அது தானாகத் தட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு, தனியாக விட்டுப் பாருங்கள். முதலில் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி, பிறகு அரை நாள். எதையும் கழிக்காமல் திரும்பிவிடும் நாயைத் தட்டின் மேல் அழுத்திப் பிடித்து வைக்கக் கூடாது. அதனால் தட்டையே வெறுத்துவிடும்.

தடுப்புப் பகுதி என்று நான் சொல்வது கூண்டு ஆகாது. படுத்துத் திரும்ப மட்டுமே இடமுள்ள கூண்டில் பத்து மணி நேரம் அடைத்துவிட்டு, அது அழுக்காகவில்லை என்று மகிழ்வது கொடுமை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தகுந்த நடமாட்டம் தராமல் விடுவதை 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் வதையாகவே கருதுகிறது.

வேலை நாளின் ஒழுங்கு

காலை 6 மணிக்கு நடை, 6.30-க்கு உணவு. கிண்ணத்தை 20 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், மிச்சம் இருந்தாலும். நாள் முழுவதும் உணவைத் திறந்து வைத்தால், அது எப்போது மலம் கழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 7 மணியை ஒட்டி இரண்டாவது முறை வெளியே கொண்டுபோங்கள். பலரும் கைவிடுவது இந்த இரண்டாவது முறையைத்தான், ஆனால் மலம் பெரும்பாலும் அப்போதுதான் வரும். புறப்படுவதற்குச் சற்று முன் தட்டில் ஒருமுறை. மாலை வந்ததும் முதல் வேலை நாயை வெளியே கூட்டிச் செல்வது. இரவு உணவு 8 மணிக்கு முன். படுக்கும் முன் ஒரு கடைசி நடை. பால் சாதமும் பாலில் ஊறிய பிஸ்கட்டும் நம் வீடுகளில் நாய்க்கு அன்போடு தரப்படுபவை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிறு இளகும். தட்டு நன்றாகப் பழகிய நாய், வாரத்தில் இரண்டு நாள் கூடத்தில் மலம் கழித்து வைத்தால், முந்தின இரவு என்ன கொடுத்தோம் என்று முதலில் பாருங்கள்.

தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. 16 வார வயதை ஒட்டிக் குட்டிப்பருவத் தடுப்பூசிகள் முடியும் வரை குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய குடல் நோயான பார்வோ வைரஸ் அச்சம் உண்டு. அதுவரை தட்டு ஒன்றே வழி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வளர்ந்த நாய்க்கும் தட்டு பேருதவி. தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் மனிதருக்கும் வரக்கூடியது. அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொண்டு, நடந்து வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைக்க வேண்டும். தீபாவளிக் காலத்தில் வெடிச் சத்தம் தொடங்கும் முன் மாலை நடையை முடித்துவிடுங்கள்; அஞ்சிய நாய் வெளியே போனாலும் கழிக்காது.

நடுப்பகலில் வருபவர்

நண்பகல் 12.30 மணியிலிருந்து 1.30-க்குள் ஒருவர் வந்து 20 நிமிடம் இருந்தால், பத்தரை மணி நேரத் தனிமை இரண்டாகப் பிரிந்துவிடும். எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, குடியிருப்பில் படிக்கும் கல்லூரி மாணவர், தொழிலாகவே நாயை நடத்திச் செல்பவர் என யாராகவும் இருக்கலாம். வேலை செய்ய வரும் அக்காவிடம் இதைக் கூடுதல் வேலையாகச் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. தனியாக ஊதியம் பேசுங்கள். நாயைக் கண்டால் அவருக்கு அச்சம் இல்லையா என்பதை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில நாள் நீங்கள் உடனிருக்கும்போதே அவர் கையால் நாய்க்குத் தின்பண்டம் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

அவர் செய்ய வேண்டியவை சில. தட்டுக்கோ கீழே தோட்டத்துக்கோ கூட்டிச் செல்வது, தண்ணீரை மாற்றுவது, நனைந்த விரிப்பை எடுத்துப் புதியது வைப்பது, மலம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஒரு வரி அனுப்புவது. லிஃப்டில் நாய் வரக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடுத்தால், அத்தகைய தடை கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டலாம். பொது இடத்தில் நாய் கழித்ததை அப்புறப்படுத்தும்படி வளர்ப்போரையும் அதே வழிகாட்டுதல் கேட்டுக்கொள்கிறது. அதில் ஒருநாளும் தவறாதீர்கள்.

யாருமே கிடைக்காவிட்டால், வாரத்தில் சில நாட்களாவது பகல்நேரக் காப்பகத்தில் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். டயப்பரும் ஆண் நாய்க்கு இடுப்பில் கட்டும் பட்டையும் இதற்குத் தீர்வாகா. ஈரத்தோடு மணிக்கணக்கில் இருந்தால் தோல் வெந்து புண்ணாகும்.

தவறான இடத்தில் போய்விட்டால்

மாலையில் வந்து, காலையில் நடந்ததற்காகத் திட்டுவதோ மூக்கை அதில் தேய்ப்பதோ பயனற்றது, தீங்கானதும்கூட. "தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். அமெரிக்காவின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நாயிடம் அந்த முகம் தோன்றியது உரிமையாளர் கடிந்துகொண்டபோதுதான். நாய் உண்மையில் தவறு செய்ததா இல்லையா என்பதோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. திட்டு வாங்கிய நாய், உங்கள் கண்ணில் படாத மூலையைத் தேடக் கற்றுக்கொள்ளும். கண்ணெதிரே தட்டில் போகவும் அஞ்சும்.

சிறுநீர் பட்ட இடத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு செல்லப்பிராணிகளுக்கான என்சைம் கிளீனர், அதாவது வாடைக்குக் காரணமான கழிவைச் சிதைக்கும் திரவம், ஊற்றிச் சற்று நேரம் ஊற விடுங்கள். நம் மூக்குக்குப் போய்விட்ட வாடை நாயின் மூக்குக்குப் போயிருக்காது. அந்த வாடையே மறுநாள் அதை அங்கே அழைக்கும். பினாயில் வேண்டாம், ஈரம் காயும் முன் நாய் நடந்து பாதத்தை நக்கினால் அதன் உடலுக்குள் போய்விடும். பிளீச்சிங் கரைசல் சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு எழும். மலத்தைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விடலாம். பயன்படுத்திய விரிப்பைக் குழந்தை டயப்பரைப் போலத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். புழு முட்டைகள் இருக்கக்கூடும் என்பதால் கீரைப் பாத்திக்கு நாய் மலத்தை எருவாக இடாதீர்கள்.

நீங்கள் வெளியேறிய அரை மணி நேரத்துக்குள் கதவருகே சிறுநீர் கழித்து, ஓயாமல் ஊளையிட்டு, கதவைப் பிறாண்டினால் அது பழக்கக் குறைவு ஆகாது, பிரிவு அச்சம். ஒரு சிறிய கேமரா வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். தட்டை மாற்றுவதால் அது தீராது. நடத்தைப் பயிற்சியும் மருத்துவர் ஆலோசனையும் வேண்டும்.

மருத்துவரிடம் போக வேண்டிய வேளை

மாதக்கணக்கில் ஒழுங்காகத் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாய் திடீரென்று தவறினால், பழக்கத்தைக் குறை சொல்லும் முன் உடலைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி சிறிது சிறிதாகக் கழிப்பது, கழிக்கும்போது முனகுவது, சிறுநீரில் சிவப்பு ஆகியவை தொற்றையோ கல்லையோ காட்டலாம். வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகக் கழித்தால் நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கருத்தடை செய்த பெண் நாய் உறக்கத்தில் தன்னையறியாமல் படுக்கையை நனைத்தால், அதற்கு மருந்து உண்டு. டாஷ்ஹண்ட் பின்னங்கால் தள்ளாடி, சிறுநீரும் கட்டுப்பாடின்றி ஒழுகினால், அது முதுகுத்தண்டில் நேர்ந்த அவசரம்.

ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லையென்றால் மாலை வரைகூடக் காத்திருக்காதீர்கள்; கல் தாரையை அடைத்திருக்கலாம், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும். நடுப்பகலில் வருபவரிடம் இந்த அறிகுறியைத் தெளிவாகச் சொல்லி வைத்து, அருகிலுள்ள மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியையும், தட்டுக்கு மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அடைப்பு இல்லாத மற்ற தொல்லைகளுக்கு மருத்துவரிடம் போகும் நாளன்று, காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்து மூடிய புட்டியில் ஊற்றி எடுத்துச் சென்றால் பரிசோதனை அன்றைக்கே முடியும்.